இளைப்பாறும் காலமும் இளைப்பாறாத உள்ளமும்



உத்தியோகத்தர் ஒருவர் இளைப்பாறும் நாளிலே நடைபெறுவன நீங்கள் யாவரும் அறிந்தவையே. கந்தோரில் ஒரு தேநீர் விருந்து வைப்பார்கள். மாலை சூட்டுவார்கள். முப்பது ஆண்டுகளாக அவர்மீது குறை கூறி வந்தவரும் அன்று எழுந்து அவருடைய குணநலன்களை வியந்து பேசுவார். ஈற்றில், ஞாபகப் பரிசாக ஒரு மணிக்கூட்டை அவர் கையிலே கொடுத்து அனுப்புவார்கள். இனிமேல் நேரம் பார்த்து எழவோ, நேரம் பார்த்து உண்ணவோ, நேரம் பார்த்து ஓடவோ வேண்டாதவருக்கு மணிக்கூட்டைப் பரிசளிக்கும் இவ்வழக்கத்தை யார் தொடக்கி வைத்தார்களோ, அறியேன். ஆயினும் அந்த மணிக்கூடு மறுநாட் காலையிலே ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. இன்றைய பொழுதை என்ன செய்யப் போகிறீர் என்பதே அக்கேள்வி. அதற்கு விடை காண்பதில் உளநூல் நமக்கு எவ்வாறு துணை செய்யக்கூடும் என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க எண்ணுகிறேன்.

எனது அயலவர் ஒருவரைப் பற்றி முதலிற் சொல்ல வேண்டும். அவர் புகையிரத நிலைய அதிபராக 35 ஆண்டுகள் கடமையாற்றி இளைப்பாறியவர். மாறுதல் உத்தரவு வந்த இடமெல்லாம் சென்று, பாதி இரவிலும் விடியற் புறத்திலும் கொடியும் விளக்கும் ஏந்தி நின்றவர். இளைப்பாறி வந்த முதல் இரண்டு மூன்று மாதங்கள் மிகுந்த உற்சாகமாய் இருந்தார். கூரையைத் திருத்தினார், வேலியை அடைத்தார், உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய் வந்தார். பின்பு அந்த உற்சாகம் சிறிது சிறிதாக வடிந்தது. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து விறாந்தையில் உட்கார்ந்திருப்பார். தூரத்திலே புகையிரதத்தின் ஒலி கேட்டதும் கையிலுள்ள மணிக்கூட்டைப் பார்ப்பார். "இன்றைக்குப் பதினொரு நிமிடம் தாமதம்" என்பார். கேட்பதற்கு ஒருவரும் இல்லாவிட்டாலும் சொல்லுவார். அவருடைய மனைவியார் ஒருநாள் என் வீட்டாரிடம் கூறிய வார்த்தை எனக்கு மறக்கவில்லை. "அவர் வீட்டிலேதான் இருக்கிறார். ஆனால் இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை" என்றார் அந்த அம்மையார்.

நேயர்களே, இம்மனிதருக்குப் பணக்குறை இல்லை. மாதந் தவறாமல் ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. உடலிலும் பெரிய நோய் எதுவும் இல்லை. அப்படியானால் அவர் இழந்தது என்ன?

இக்கேள்விக்குத் தெளிவான விடை ஒன்று, இளைப்பாறுதலைப் பற்றியே அல்லாத ஓர் ஆராய்ச்சியிலிருந்து கிடைத்தது. ஒசுத்திரியா நாட்டில், வியன்னா நகருக்கு அண்மையிலே மாரியந்தால் என்று ஒரு கிராமம் உண்டு. அக்கிராமம் முழுவதும் ஒரு துணியாலையை நம்பி வாழ்ந்தது. 1930 ஆம் ஆண்டளவில் அந்த ஆலை மூடப்பட்டது. மேரி யகோடா என்னும் இளம் உளநூலறிஞரும் அவருடைய தோழர்களும் அங்கே சென்று, வேலையற்ற குடும்பங்களின் வாழ்க்கையை ஆராய்ந்து, 1933 இல் நூலாக வெளியிட்டார்கள். அவர்கள் கண்டவற்றுள் இரண்டினை மட்டும் சொல்லுகிறேன். வேலை இருந்த காலத்தில், நேரமில்லை நேரமில்லை என்று கூறிக்கொண்டே வாசிகசாலையிலிருந்து புத்தகம் எடுத்து வாசித்தவர்கள், நாள் முழுவதும் ஓய்வு கிடைத்ததும் வாசிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். இரவல் வாங்கும் கட்டணத்தை நீக்கியும் பயனில்லை. வீதியிலே நடக்கும் ஆடவர்களின் நடைவேகத்தையும் ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தனர். வீட்டு வேலை மிகுந்த பெண்களின் நடையைக் காட்டிலும், போக வேண்டிய இடமற்ற ஆண்களின் நடை மெதுவாயிருந்தது. அவர்கள் அடிக்கடி நின்று நின்று சென்றார்கள்.

நேரம் மிகுந்தால் நேரத்தின் மதிப்பும் மிகும் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். எல்லையற்று விரிந்துவிட்ட நேரம் உள்ளத்திலே மதிப்பிழந்து போகிறது என்பதை மாரியந்தால் மக்களின் கால்கள் காட்டின.

இதிலிருந்து தொடங்கிய சிந்தனையை யகோடா அம்மையார் 1982 இல் வெளியான தமது நூலிலே விரிவாக எடுத்துரைத்தார். தொழில் வெளிப்படையாகத் தருவது சம்பளம். ஆனால் அதனோடு கூடவே, நாம் கேளாமலும் கவனியாமலும் இருக்கையில், வேறு ஐந்து பொருள்களையும் அது தந்துகொண்டிருக்கிறது. நாளுக்கு ஓர் ஒழுங்கு ஒன்று. குடும்பத்துக்கு வெளியே உள்ளவரோடு பழகும் வாய்ப்பு இரண்டு. பலர் கூடிச் செய்யும் காரியத்தில் நாமும் பங்காளர் என்னும் உணர்ச்சி மூன்று. இன்னார் எனச் சொல்லிக்கொள்ள ஒரு நிலை நான்கு. தவறாது செய்ய வேண்டிய ஒரு செயல் ஐந்து. ஓய்வூதியம் என்பது சம்பளத்தின் ஒரு பகுதியை மாத்திரமே ஈடு செய்கிறது. மற்றைய ஐந்தினுக்கும் எந்தத் திணைக்களமும் பணம் அனுப்புவதில்லை. அவற்றை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

வேலையிழந்தவரையும் இளைப்பாறியவரையும் ஒன்றாக வைத்துப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. வேலையிழப்பு எதிர்பாராது வருவது. அதில் அவமானமும் கலந்திருக்கும். இளைப்பாறுதலோ முன்னரே நாள் குறித்து, மரியாதையோடு வருவது. முன்னரே தெரியும் என்பதால் முன்னரே ஆயத்தம் செய்ய இடமுண்டு. அந்த ஆயத்தத்தை நாம் செய்கிறோமா என்பதே ஐயம்.

1967 இல் ஹோம்ஸ், றாஹே என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், வாழ்க்கையில் நேரும் 43 மாற்றங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தம்மைப் பொருத்திக்கொள்ள மனிதர் எவ்வளவு முயல வேண்டியிருக்கிறது என்பதற்குப் புள்ளிகள் வகுத்தனர். வாழ்க்கைத் துணையை இழத்தலுக்கு 100 புள்ளி. திருமணத்துக்கு 50. இளைப்பாறுதலுக்கு 45. திருமணமும் இளைப்பாறுதலும் எவ்வளவு அருகருகே நிற்கின்றன பாருங்கள். திருமணம் என்றால் நாம் எத்தனை பேரிடம் ஆலோசிக்கிறோம், எத்தனை மாதங்கள் ஓடித் திரிகிறோம்! இளைப்பாறுதலுக்கோ விண்ணப்பப் படிவங்களை நிரப்புவதோடு ஆயத்தம் முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

இளைப்பாறுதல் ஒரு நாளில் நிகழ்வதன்று. அது பல கட்டங்களைக் கொண்ட ஒரு பயணம் என்று 1976 இல் எழுதினார் றொபேட் அச்சிலி என்னும் சமூகவியலாளர். முதலில் ஆயத்தக் காலம். அடுத்தது, விடுதலை பெற்ற களிப்புக் காலம். புதுமணத் தம்பதியரின் முதல் மாதங்களை ஒத்தது. அதன் பின்னர் ஏமாற்றமும் சோர்வும் தலைகாட்டும் காலம். அதனையும் கடந்து, உள்ள நிலைமையை உணர்ந்து வாழ்க்கையைத் திருத்தியமைக்கும் காலம். ஈற்றிலே நிலைபெற்ற அமைதிக் காலம். எல்லாரும் இக்கட்டங்கள் அனைத்தையும் கடந்தே ஆகவேண்டும் என்பதில்லை. சோர்வென்பதையே அறியாமல் அமைதி காண்பவர்களும் பலர். எனினும், கூரை திருத்தி வேலி அடைத்த களிப்பின் பின்னர் விறாந்தையில் உட்கார்ந்துவிட்ட என் அயலவரின் நிலைமை என்னவென்பதை இவ்வகுப்பு நமக்குத் தெளிவாக்குகிறது. அவருக்கு நேர்ந்தது பயித்தியமுமன்று, கிரகதோஷமுமன்று. பலரும் கடக்கும் ஒரு வழியில் அவர் நடுவிலே நின்றுகொண்டிருந்தார். இதனை அறிவதே பாதி ஆறுதல்.

இனி, ஆயத்தத்தைப் பற்றிப் பார்ப்போம்.

பணத்தை ஒதுக்கிவிட்டு உள்ளத்தை மாத்திரம் பேசுவது பொருந்தாது. நம் நாட்டில் அரசாங்க ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் துறையினருக்கு, 1958 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியம் உண்டு. தொழிலாளி சம்பளத்தில் 8 சதவீதமும், தொழில்கொள்வோர் குறைந்தது 12 சதவீதமும் அதிலே செலுத்துகின்றனர். இந்நிதி மாதந்தோறும் வருவதன்று. மொத்தமாய்க் கையில் வந்து சேர்வது. ஆகவே அதற்குள்ள ஆபத்து உள்ளத்தைச் சார்ந்தது. ஒருநாளும் காணாத பெருந்தொகையைக் கண்டதும் அது முடிவற்றதுபோலத் தோன்றும். ஒரு பகுதி வீட்டுக்கு மேல்மாடியாகும். ஒரு பகுதி மருமகனுக்கு வாகனமாகும். மிகுதி இருபது ஆண்டுகளுக்குப் போதுமா என்று கணக்குப் பார்ப்பதற்குள் பணம் பறந்துவிடும். 2022 ஆம் ஆண்டிலே கொழும்பில் விலைவாசியின் ஆண்டு உயர்வு 70 சதவீதத்தை அண்மித்தபோது, மாறாத வருமானத்தில் வாழ்ந்த முதியோர் பட்ட பாட்டை நாம் கண்ணாரக் கண்டோம். அதே ஆண்டில் அரசாங்க ஊழியர் இளைப்பாறும் வயது 65 என உயர்த்தப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அது மீண்டும் 60 ஆயிற்று. இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறதென்று நம்பியிருந்தவர்கள் திடீரென்று வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இளைப்பாறும் நாள் நம் கையில் இல்லை. ஆயத்தம் மாத்திரமே நம் கையில் உள்ளது.

ஏன் நாம் முன்கூட்டி ஆயத்தம் செய்வதில்லை? அறுபது வயதில் இருக்கப்போகும் நம்மை நாம் வேற்று மனிதராகவே எண்ணுகிறோம். 2011 இல் வெளியான ஓர் ஆராய்ச்சியிலே, இளைஞர்களுக்கு அவர்களுடைய முகத்தையே முதுமையடைந்த தோற்றத்தில் கணனி மூலம் ஆக்கிக் காட்டினார்கள். அம்முகத்தைக் கண்டவர்கள் முதுமைக் காலத்துக்கென்று கூடுதலான தொகையை ஒதுக்க முன்வந்தனர். இதற்குக் கணனி வேண்டியதில்லை. ஐம்பதாவது வயதில் ஒரு மாலைப்பொழுது, கணவனும் மனைவியும் ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, இளைப்பாறிய பின் வரும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று காலை முதல் இரவு வரை எழுதிப் பார்க்கட்டும். யாத்திரை போகும் நாளை எழுத வேண்டாம். சாதாரண நாளை எழுதட்டும். அந்தக் கொப்பியிலே பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் வெற்றிடம் இருக்குமானால், அந்த வெற்றிடமே இனிச் செய்ய வேண்டிய வேலை.

நமது கமக்காரரைப் பாருங்கள். அவருக்கு இளைப்பாறும் நாளென்று ஒன்றில்லை. முதலில் மண்வெட்டியை மகனிடம் கொடுக்கிறார். ஆயினும் எந்தக் காணிக்கு எந்த நெல் ஏற்றது, எந்த வாய்க்காலை முதலில் திறப்பது என்ற ஆலோசனையைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். பாரம் குறைகிறது, மதிப்புக் குறைவதில்லை. கந்தோரில் வேலை செய்பவரோ வெள்ளிக்கிழமை வரை முழு அதிகாரி, திங்கட்கிழமை ஒன்றுமில்லை. இந்த வெட்டு விழும் வேகமே துன்பத்துக்குக் காரணம். ஆகவே கமக்காரரிடம் பாடங் கற்று, இளைப்பாறுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளின் முன்னரே புதிய ஈடுபாடு ஒன்றை வளர்க்கத் தொடங்க வேண்டும். ஓய்வு கிடைத்த பின்னர் சங்கீதம் படிப்பேன், தோட்டம் செய்வேன் என்று ஒத்திவைப்பவர் பலர். முன்னர் விதையாதது பின்னர் முளைப்பதில்லை.

முதுமையில் மனிதர் உலகினின்று மெல்ல விலகுவதே இயற்கை என்று 1961 இல் கம்மிங், ஹென்றி என்னும் இரு அறிஞர்கள் எழுதினர். அவ்வாறன்று, ஓயாத செயலே இன்பம் என்று ஹவிகேஸ்ட் போன்றோர் வாதாடினர். பிற்காலத்தில் அச்சிலி இடைவழி ஒன்றைக் காட்டினார். முதியவர் வேறு மனிதராவதில்லை. நடுவயதில் எவ்வியல்பினரோ, அவ்வியல்பையே புதிய சூழலில் தொடர முயல்கிறார் என்பது 1989 இல் அவர் வெளியிட்ட கருத்து. தனிமையை விரும்புபவரைச் சங்கத் தலைவராக்குவதும் தவறு. ஊரோடு வாழ்ந்தவரை மூலையில் இருத்துவதும் தவறு.

அடுத்தது, வீட்டினுள்ளே நிகழும் மாற்றம். பகல் வேளையிலே வீடு இதுவரை மனைவியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்கே ஓர் உத்தியோகத்தர் நிரந்தர மாற்றம் பெற்று வந்து சேருகிறார். அடுப்படியை மேற்பார்வை செய்கிறார். இந்த விளக்கு ஏன் எரிகிறது, மீன் என்ன விலை, தேங்காயில் பாதி எங்கே என்று விசாரணை நடத்துகிறார். கந்தோரிலே குறிப்பெழுதிப் பழகிய கை வீட்டிலும் குறிப்பெழுதப் பார்க்கிறது. யப்பான் நாட்டில், கணவர் இளைப்பாறி வீட்டில் இருக்கத் தொடங்கியதும் மனைவியர் நோயுறுவதைக் கண்ட வைத்தியர் ஒருவர் 1990 களில் அதற்கு நோய்ப் பெயர் ஒன்றே சூட்டினார். நாம் சிரிக்கலாம், ஆயினும் நம் வீடுகளிலே அப்பெயர் இல்லாமலே அந்நோய் உண்டு. இனி, தொழில் பார்த்து இளைப்பாறும் பெண்மணியின் நிலை வேறு. ஆசிரியை ஒருவர் பாடசாலையிலிருந்து இளைப்பாறலாம். அடுப்படியிலிருந்து அவரை இளைப்பாற்றியவர் யார்? வீட்டு வேலையில் ஒரு பங்கை ஏற்று, அந்தப் பங்கினுள் மாத்திரம் அதிகாரம் செலுத்துவது என்று கணவர் முடிவு செய்வாராயின், இருவர் மனமும் ஒருங்கே ஆறும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 1976 இல் எலன் லாங்கர், யூடித் றோடின் என்னும் இருவர் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்திலே ஓர் ஆராய்ச்சி செய்தனர். ஒரு பகுதியினரிடம், உங்கள் அறையை எப்படி ஒழுங்கு செய்வதென்று நீங்களே தீர்மானியுங்கள் என்று கூறி, ஒரு பூஞ்செடியையும் கொடுத்து, இதை வளர்ப்பது உங்கள் பொறுப்பு என்றார்கள். மற்றப் பகுதியினருக்கும் செடி கொடுத்தார்கள். ஆனால் தாதியர் அதற்குத் தண்ணீர் ஊற்றுவர் என்றார்கள். மூன்று கிழமைகளின் பின்னர், பொறுப்புப் பெற்றவர்கள் அதிக விழிப்பும் மகிழ்ச்சியும் உடையோராய்க் காணப்பட்டனர். ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றும் உரிமை அத்தனை பெரிது! "அப்பா, நீங்கள் சும்மா இருங்கோ, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கனடாவிலிருந்து தொலைபேசியில் அன்போடு சொல்லுகிறோம். அந்த அன்பினாலேயே அவர் கையிலிருந்த நீர்வாளியைப் பறித்துவிடுகிறோம் என்பதை நாம் உணர்வதில்லை.

வயது செல்லச் செல்ல ஆற்றல் குறைவது உண்மையே. அதற்கும் வழியுண்டு என்று காட்டினார் போல் பால்ட்டஸ் என்னும் செருமானிய உளநூலறிஞர். அவர் எடுத்துக்காட்டும் உதாரணம், ஆதர் றூபின்ஸ்டைன் என்ற புகழ்பெற்ற பியானோ வித்துவான். எண்பது வயதளவிலும் எப்படி இவ்வளவு சிறப்பாக வாசிக்கிறீர்கள் என்று கேட்டபோது, அவர் மூன்று உபாயங்களைச் சொன்னாராம். குறைந்த எண்ணிக்கையான உருப்படிகளையே தெரிந்தெடுக்கிறார். அவற்றை அதிகம் பயில்கிறார். விரைவாக வாசிக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் சற்று மெதுவாக வாசித்து, பின்வருவது விரைவுபோலத் தோன்றச் செய்கிறார். தெரிவு, பயிற்சி, ஈடுகட்டல் என்னும் இம்மூன்றும் பியானோவுக்கு மாத்திரம் உரியவையல்ல.

இனி, மிகக் கடினமான பகுதிக்கு வருகிறேன். எறிக் எறிக்சன் என்னும் அறிஞர் 1950 இல் வெளியிட்ட நூலிலே மனித வாழ்வை எட்டுப் பருவங்களாக வகுத்தார். எட்டாம் பருவத்தின் கடமை, வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, குறையும் நிறையுமாக அதனை ஏற்றுக்கொள்வது. ஏற்க இயலாவிடின் அவ்விடத்தில் விரக்தி குடிகொள்ளும். தொழில் இருக்கும்வரை அதன் ஓசையிலே இக்கணக்கை நாம் ஒத்திவைக்கிறோம். இளைப்பாறியதும் அது வந்து முன்னால் நிற்கிறது. என் அயலவர் ஒருநாள் மாலை என்னிடம் சொன்னார்: "எத்தனையோ ஆயிரம் பேரை உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு அனுப்பினேன். என் மகள் வளர்ந்ததை மாத்திரம் நான் விடுமுறை நாட்களிலேதான் கண்டேன்." அதற்கு நான் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தெரியவில்லை. ஆயினும் அவர் விறாந்தையிலே தேடிக்கொண்டிருந்தது நேரசூசியை அன்று என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

நேயர்களே, அவருக்குப் பெரிய அற்புதம் எதுவும் நிகழவில்லை. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலை, திறப்பார் இல்லாமையால் சில நாள் ஏழு மணிக்கும் சில நாள் ஒன்பது மணிக்கும் திறக்கப்பட்டு வந்தது. அதன் திறப்பை ஒருவர் இவரிடம் கொடுத்தார். மறுநாட் தொடக்கம் காலை ஆறு மணிக்குக் கதவு திறந்தது. ஒரு நிமிடம் முந்தியதுமில்லை, பிந்தியதுமில்லை. பத்திரிகைகள் வரிசையாக வைக்கப்பட்டன. வாசிக்க வந்த இளைஞர்கள் அவரைக் கண்டு தங்கள் மணிக்கூடுகளைச் சரிசெய்தார்கள். யகோடா கூறிய ஐந்து பொருள்களும் அந்த ஒரு திறப்பிலே அடங்கியிருந்தன. மகள் தன் பிள்ளையோடு விடுமுறைக்கு வந்திருந்தபோது, பேர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வாசிகசாலைக்கு நடந்து போனதைக் கண்டேன். மகளின் இளமைக் காலம் திரும்பி வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது திரும்பாது. ஆனால் அவர் மணிக்கூட்டைப் பாராமல் நடந்தார்.

இளைப்பாறுதல் என்று நம் மூதாதையர் வழங்கிய சொல்லை எண்ணிப் பாருங்கள். இளைப்பு ஆறுபவர் வழியின் முடிவுக்கு வந்தவரல்லர், வழியிலே அமர்ந்தவர். நம் ஊர்த் தெருக்களின் ஓரத்திலே முன்னோர் சுமைதாங்கிக் கற்களை நாட்டி வைத்தார்கள். தலைச்சுமையோடு வந்தவர் அதன்மேல் சுமையை இறக்கி, மூச்சு வாங்கி, பின்னர் தாம் கொண்டுசெல்லக் கூடியதை எடுத்துக்கொண்டு நடந்தார். அலுவலகச் சுமையை அங்கே இறக்கி வைத்துவிடலாம். அதை மீண்டும் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வெறுங்கையோடு நடப்பதும் மனித உள்ளத்துக்கு இயலாத காரியம். நமது வலுவுக்கேற்ற ஒரு சிறு பொறுப்பைத் தெரிந்தெடுத்துக் கையில் ஏந்திக்கொள்வோமாக. அந்தத் தெரிவை, மாலை சூட்டும் நாளுக்காகக் காத்திராமல், இன்றே செய்யத் தொடங்குவோமாக.